நடுவில் முறிந்த வரி

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கத் தொடங்கிய சில வாரங்களில், என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் தொலைபேசியில் அழைத்தாள். இரண்டு கேள்விகள் வைத்திருந்தாள். முதலாவது, அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்காம்: இத்தனை காலம் பார்த்த ஓபராக்களில் மிக அழகானவை என்று நான் நினைக்கும் மூன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாவது வேலை சம்பந்தமானது. ஒரு தகப்பன் மகள் ஓபராவின் கடைசிக் காட்சியில், திரையில் காட்டும் ஒரு வரி பிழையான இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது, எந்தப் பாடகரும் அங்கே மூச்சு எடுப்பதில்லை, இரண்டையும் சேர்த்து ஒரே வரியாக்கலாமா என்று கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஓபரா என்றால் பேச்சே இல்லாமல் முழுக்கப் பாடியே நடிக்கும் நாடகம். எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மத்தளம் இருக்கும் இடத்தில் பெரியதொரு வாத்தியக் குழு. பாடுவது இத்தாலிய மொழியில், அல்லது ஜெர்மனில். சிட்னியில் டிக்கெட் வாங்கி வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சொல்லும் விளங்காது. அதனால் மேடைக்கு மேலே நீளமான கறுப்புத் திரை ஒன்று. பாடும் வரியின் அர்த்தம் அதில் ஆங்கிலத்தில், வெள்ளை எழுத்தில் வரும். டைட்டில் என்போம். அதை உரிய நேரத்தில் கொண்டுவரும் பொத்தான் என் விரலின் கீழ் இருந்தது. மண்டபத்தின் பின்சுவரில் கண்ணாடி போட்ட சின்ன அறை, முன்னால் விரித்த இசைப் புத்தகம், ஒரு பொத்தான். என் கணவர் ராசன் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "இவ பொத்தான் அமத்தியே வீடு வாங்கினவ" என்று சொல்லுவார்.

அதற்கு முன் கொழும்பில் பியானோ படிப்பித்துக்கொண்டிருந்தேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டை எரித்தார்கள். பியானோவை வீதிக்கு இழுத்துக்கொண்டு போய் அதையும் எரித்தார்கள். பக்கத்து வீட்டு மாடியில் ஒளிந்திருந்து பார்த்தேன். பியானோ எரியும்போது கம்பிகள் ஒவ்வொன்றாக அறும்; அறும்போது தன்னுடைய சுரத்தை ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் அறும். அதைக் கேட்ட பிறகு இசைப் பக்கமே போவதில்லை என்று இருந்தேன். சிட்னிக்கு வந்து ஒரு பேக்கரியில் பாண் அடுக்கினேன். இசைப் புத்தகம் வாசிக்கத் தெரிந்த ஆள் தேவை என்ற விளம்பரத்தை வெட்டிக்கொண்டு வந்து மேசையில் வைத்ததும் ராசன்தான்.

வின்டர் என்பவர் எனக்கு மேலதிகாரி. டைட்டில் வரிகளை எழுதுகிறவர் அவர். எலும்பும் தோலுமாக நெடிய மனிதர், கொதிக்கும் கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். நேர்முகத்தில் அவர் பியானோவைத் திறக்கவே இல்லை. ஒரு பாட்டின் பக்கத்தை விரித்து, பென்சிலைக் கையில் தந்து, "பாடுகிறவர் எங்கே மூச்சு எடுப்பார்? புள்ளி வையுங்கள்" என்றார். வைத்தேன். அதை நெடுநேரம் பார்த்தார். "திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்.

அவருடைய சட்டம் அந்த ஒன்றுதான். சுரத்துக்குப் பொத்தானை அமத்தக் கூடாது, மூச்சுக்கு அமத்த வேண்டும். பாடுகிறவர் மார்பு விரிந்து காற்றை இழுக்கும் அந்தக் கணத்தில் வரி திரைக்கு வர வேண்டும்; குரல் வரும்போது சனங்கள் வாசித்து முடித்திருக்க வேண்டும். பிந்தினால் தொல்லை, முந்தினால் கொலை என்பார். எனக்கு முதல் அந்த அறையில் இருந்தவர் ஒரு நகைச்சுவை ஓபராவில் ஒரு வரியை முந்திப் போட, பாடகி வாயைத் திறக்கும் முன்னே மண்டபம் சிரித்துவிட்டதாம். பாடகி உடுப்பு மாற்றாமல் அப்படியே படியேறி அறைக்கு வந்துவிட்டாளாம். அவர் வேலையை விட்டதால்தான் விளம்பரம் வந்தது.

வின்டர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. நன்றாகப் போனால் "சரி" என்பார். இல்லையென்றால் பென்சில் சீவுவார். வரிகளில் ஆச்சரியக்குறி போட விடமாட்டார், அதைப் பாடகர் போட்டுக்கொள்வார் என்பார். அவர் எழுதிய வரியில் ஒரு கால்புள்ளியை நகர்த்துவதென்றாலும் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்று காரணம் சொல்ல வேண்டும். எனக்கு அவரைப் பிடிக்க நெடுங்காலம் எடுத்தது.

சரி, மூன்றில் முதலாவது. தையல்காரப் பெண் ஒருத்தி இருமி இருமிச் சாகும் ஓபரா. பின்மேடையில் எல்லாரும் அதை "இருமல்" என்றுதான் சொல்லுவோம். ராசன் ஒரேயொரு தடவை வந்து பார்த்தார். "சாகிறவள் இவ்வளவு நேரம் பாடினால் ஏன் சாகாள்?" என்று பஸ்ஸில் கேட்டார். அதில் அவள் இறந்துவிட்டதைக் கூட்டாளிகள் எல்லாரும் கண்டுகொள்வார்கள், காதலனுக்கு மட்டும் இன்னும் தெரியாது. அந்த இடத்துக்கு வின்டர் வரியே எழுதவில்லை. திரையைக் கறுப்பாக்கச் சொன்னார். "அங்கே யாரும் மேலே பார்க்கக் கூடாது" என்றார். நான் திரையை அணைக்க, அவ்வளவு சனமும் ஒரே நேரத்தில் தலையைத் தாழ்த்தி மேடையைப் பார்க்கும். பின்னால் இருந்து அந்தத் தலைகள் இறங்குவதைப் பார்ப்பதற்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

இரண்டாவது, ஒரு பிரபு வீட்டில் ஒரே நாளில் நடக்கும் கலியாணக் குழப்பம். அதில் ஓரிடத்தில் மேடையில் நிற்கும் அத்தனை பேரும் ஆளுக்கொரு வார்த்தையை ஒரே நேரத்தில் பாடுவார்கள். யாருடைய வரியைத் திரையில் போடுவது? அதிகம் காயப்பட்டிருப்பது யாரோ அவருடையதைப் போடு என்றார் வின்டர். அது எப்போதும் அந்தப் பிரபுவின் மனைவியாகவே இருந்தது. முடிவில் அவள் புருசனை மன்னித்துவிடுவாள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் பாட்டு அப்படி.

மூன்றாவதைச் சொல்ல ஆல்பர்ட்டைச் சொல்ல வேண்டும்.

ஆல்பர்ட் மலேசியாவில் ஈப்போக்காரன். என்னைவிட இளையவன். படிக்க வந்த இடத்தில் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்து, அப்படியே இழுபட்டு ஓபராக் கூட்டத்துக்குள் வந்தவன். ஆழமான, தேன் நிறக் குரல். அந்த முழு அரங்கிலும் தமிழ் பேசுகிற ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் ஹரிஸ் பார்க்கில் தனியாக இருந்தான், நான் அடுத்த ரயில் நிலையமான மெரிலேண்ட்ஸில், ஆகவே ரயிலில் ஒன்றாகத்தான் திரும்புவோம். நான் "நீர்" என்று கூப்பிடுவது அவனுக்குச் சிரிப்பு. "எங்க ஊர்ல நீர்னு பைபிள்ல கடவுளைத்தான் சொல்லுவாங்கக்கா. என்னை ரொம்ப உயரத்துல வைக்கிறீங்க" என்பான்.

வருடக்கணக்காக அவன் கும்பலோடு நின்று பாடினான். காவல்காரன், வேலைக்காரன், கிராமத்தவன். முகத்தை வெளுப்பாக்கி ஒட்டுத்தாடி வைத்தால் அவனை எனக்கே அடையாளம் தெரியாது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அந்தத் தகப்பன் மகள் ஓபரா வந்தது. கூனல் முதுகுத் தகப்பன், ஒரே மகளைப் பொத்திப் பொத்தி வளர்ப்பான்; தன்னுடைய பழிவாங்கும் புத்தியாலேயே அவளைச் சாகக் கொடுப்பான். தகப்பனாகப் பாட வெளிநாட்டில் இருந்து வந்தவர் இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு ஏதோ சண்டையில் போய்விட்டார். மாற்றாளாக அந்தப் பாட்டைப் படித்து வைத்திருந்தவன் ஆல்பர்ட். மீதி ஆட்டங்கள் எல்லாம் அவனுக்கு வந்தன.

அவன் பாடிய முதல் ஆட்டத்தில் நான் பொத்தானை அமத்திக்கொண்டே அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒன்றிரண்டு ஆட்டம் கழித்துத்தான் கவனித்தேன். கடைசிக் காட்சியில், செத்துக்கொண்டிருக்கும் மகளை மடியில் வைத்துக்கொண்டு தகப்பன் ஒரு நீண்ட வரியை ஒரே மூச்சில் பாட வேண்டும். வின்டருடைய டைட்டில், தமிழில் சொன்னால், "உன்னைத் தவிர எனக்கு ஒருவரும் இல்லை." ஆல்பர்ட் அதன் நடுவில் மூச்சு எடுத்தான். கள்ள மூச்சு, சின்னதாக, மகளின் தலைமயிரில் முகத்தைப் புதைக்கிற மாதிரி. அடுத்த ஆட்டத்திலும் எடுத்தான். அவனுடைய மூச்சு எனக்கு என் வீட்டுப் படி மாதிரி. எது எங்கே இருக்கும் என்று இருட்டிலும் தெரியும்.

ரயிலில் கேட்டேன். "தம்பி, அந்த வரியில ஏன் நடுவில மூச்சு எடுக்கிறீர்?"

"தெரிஞ்சிருச்சா?" என்றான்.

"என்ர வேலையே அதுதானே. தடிமனோ, சளியோ?"

ஜன்னல் பக்கம் திரும்பினான். பிறகு, நாளைக்கு மழை வரும் என்பதுபோல, நோயின் பெயரைச் சொன்னான். நரம்பு நோய். தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். சிலருக்குக் கையில் தொடங்குமாம், சிலருக்குக் காலில். அவனுக்கு மூச்சு இழுக்கும் தசையில் தொடங்கியிருந்தது.

"மருந்து?"

"இல்லைக்கா."

"ஐயோ ராசா" என்றேன்.

"ஆபீஸ்ல சொல்லிராதீங்க. சொன்னா நாளைக்கே நிப்பாட்டிருவாங்க. இந்த சீசனை மட்டும் முடிச்சிடணும். அதுக்கப்புறம் எது வேணும்னாலும் வரட்டும்லா."

"நான் சொல்லமாட்டன். ஆனா சனத்துக்குத் தெரியுமே. வரி திரையில முழுசா நிக்கும், நீர் நடுவில நிப்பாட்டுவீர். மூச்சுக் காணாமல் நிண்டதெண்டு சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப டைட்டிலையும் அங்கேயே வெட்டுங்கக்கா. நான் மூச்சு எடுக்கிற இடத்துல வெட்டினா, வேணும்னே நிறுத்தினதா நினைச்சுக்குவாங்க."

இப்படி ஒரு யோசனை எங்கள் வேலையில் கிடப்பவர்களுக்கு மட்டும்தான் வரும். பார்க்கிற சனத்தின் காது கண்ணை நம்பும். திரையில் வரி முடிந்தால் பாட்டும் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அது வின்டருடைய வரி.

மறுநாள் பின்னேரம் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அந்த வரியை இரண்டாக வெட்ட வேண்டும் என்றேன்.

"ஏன்?"

"மூச்சு மாறியிருக்கிறது."

"யாருடையது? உங்களுடையதா, அவருடையதா?"

"அவருடையது."

பென்சிலை எடுத்தார். சீவத் தொடங்கினார். நான் எதிர்பார்த்தது அதைத்தான், கோபம் வந்தால் சீவுவார். கூர் வந்த பிறகும் சீவிக்கொண்டே இருந்தார். நான் நின்றேன். கடைசியில், "நாளைக்கு நான் கேட்கிறேன்" என்றார்.

மறுநாள் ஆட்டத்துக்கு வந்து, கடைசி வரிசையில், என் கண்ணாடிக்கு நேர் கீழே உட்கார்ந்தார். அவர் மேடையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிய மேலே வந்தார். அந்த வரியை மட்டுமல்ல, அந்தக் காட்சியில் ஆல்பர்ட்டுக்கு இருந்த நீளமான வரிகள் எல்லாவற்றையும் இரண்டாகவும் மூன்றாகவும் வெட்டி எழுதிய தாளை என் முன்னால் வைத்தார். நான் கேட்டது ஒன்று, அவர் கண்டது எல்லாம். "இன்னும் குறையும், அதற்கும் இடம் விட்டிருக்கிறேன்" என்றார். நோய் என்ன என்று கேட்கவில்லை. பிறகும் எப்போதும் கேட்கவில்லை.

இப்படி அவனைக் கொண்டுபோனோம். "உன்னைத் தவிர எனக்கு" என்று ஒரு வரி. அவன் மூச்சு எடுப்பான். "ஒருவரும் இல்லை" என்று மற்ற வரி. மண்டபம் அந்த இடைவெளியில் அசையாமல் இருக்கும். பத்திரிகையில் ஒருவர், இந்தத் தகப்பனின் தயக்கத்தில் புதியதொரு துயரம் இருக்கிறது என்ற கருத்தில் எழுதியிருந்தார். ரயிலில் வாசித்துக் காட்டினேன். ஆல்பர்ட் சிரித்தான். சிரித்து முடிக்க மூச்சு காணாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றப் பயணிகள் எழும்பி இடம் விட்டார்கள்.

கடைசி ஆட்டம். முதல் இரண்டு அங்கங்களையும் எப்படிப் பாடினான் என்று தெரியாது, பாடினான். கடைசிக் காட்சி. மகளைத் தூக்கி மடியில் வைத்தான். "உன்னைத் தவிர எனக்கு." பாடிவிட்டான். மார்பு விரிந்தது. நான் அமத்தினேன். "ஒருவரும் இல்லை" என்று திரையில் வந்தது. குரல் வரவில்லை.

வாயைத் திறந்திருந்தான். இசை நடத்துகிறவர் நிமிர்ந்து பார்த்தார். வயலின்கள் போய்க்கொண்டிருந்தன. பாடாத வரி திரையில் நிற்கக் கூடாது என்பது சட்டம்; உடனே அணைக்க வேண்டும். அன்று வின்டர் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார். அவருடைய கை தோளுக்கு மேலால் வந்து அணைத்துவிடும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"விடுங்கள்" என்றார். "நிற்கட்டும்."

நின்றது. அந்த மண்டபம் முழுக்க, குரலில்லாமல் அந்த வரியை வாசித்தது. எங்கேயோ ஒரு பெண் விம்மியது கண்ணாடிக்குள்ளும் கேட்டது. திரைச்சீலை விழுந்ததும் எழும்பி நின்று கைதட்டினார்கள். அப்படியொரு நடிப்பை அவர்கள் பார்த்ததில்லையாம்.

கீழே போனேன். முதுகில் கட்டிய பஞ்சுப் பொதியைக் கழற்றத் தெம்பில்லாமல் ஆல்பர்ட் கதிரையில் உட்கார்ந்திருந்தான். நான் முடிச்சை அவிழ்த்தேன்.

"கடைசி வரியை நீங்கதான் பாடினீங்கக்கா" என்றான்.

அதற்குப் பிறகு அவன் பாடவில்லை. மெல்பேர்னில் கிளென் வேவர்லியில் இருந்த அவனுடைய அக்கா ரோஸ் வந்து கூட்டிக்கொண்டு போனாள். நான் லீவு கிடைக்கும்போதெல்லாம் போனேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். கால் போயிருந்தது. அடுத்தது கழுத்து. பிறகு பேச்சு. மருத்துவமனையில் இருந்து ஒரு சின்ன இயந்திரம் கொடுத்திருந்தார்கள். ஒற்றை விரலால் அமத்தினால் எழுத்துகள் ஒவ்வொன்றாக அதன் திரையில் ஊர்ந்து வரும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவான்.

"இப்ப நானும் டைட்டில் டிபார்ட்மெண்ட்" என்று ஒரு தடவை எழுதினான்.

"வின்டரிட்ட சொல்லி நிரந்தரமாக்கச் சொல்லுறன்" என்றேன். கண்ணால் சிரித்தான்.

கடைசித் தடவை போனபோது, நான் வருமுன்பே அவன் எதையோ அடித்துச் சேமித்து வைத்திருந்தான். ரோஸ் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுதினான்: "பாடுங்க. நான் போடுறேன்."

"என்ர குரல் தகரம். உமக்குத் தெரியாதோ?"

"பாடுங்க."

எந்த வரி என்று கேட்கவில்லை. நான் பாட்டுக்காரியல்ல, வாழ்நாளில் தேவாலயத்துக்கு வெளியே வாய் திறந்து பாடியதில்லை. மூச்சை இழுத்தேன். இழுத்த அந்தக் கணத்திலேயே இயந்திரத்தில் வரி வந்தது: "உன்னைத் தவிர எனக்கு." முந்தவில்லை, பிந்தவில்லை. அவன் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். பாடினேன். நடுவில், அவன் மூச்சு எடுத்த அதே இடத்தில், நானும் மூச்சை இழுத்தேன். அவன் விரல் அசைந்தது. "ஒருவரும் இல்லை" என்று வந்தது. எனக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தபடி இருந்தேன். அவன் அணைக்கவில்லை. வரி நின்றது.

ரோஸ் தேத்தண்ணியோடு உள்ளே வந்தாள். தம்பியின் திரையை எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"யாருமில்லைன்னு ஏன்டா எழுதுற? அப்ப நான் யாருடா?"

அவனால் சொல்ல முடியாது. எனக்கும் குரல் இல்லை. அவள் தட்டைப் பிடித்தபடி நின்றாள். அவனுடைய விரல் மெதுவாக, மிக மெதுவாக அசைந்து, எழுத்து எழுத்தாக ஊர்ந்து வந்தது: "பாட்டுதான்லா அக்கா." ரோஸ் அதை வாசித்தாள். தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். அங்கே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுத சத்தம் கேட்டது.

அந்த மாதமே ஆல்பர்ட் போய்விட்டான்.

பிறகும் அந்த ஓபரா சில வருடங்களுக்கொருமுறை வந்தது. வரும்போதெல்லாம் லீவு எழுதிக் கொடுப்பேன். வின்டர் காரணம் கேட்காமல் கையெழுத்து வைத்துவிட்டு, அந்த ஆட்டங்களுக்குத் தானே வந்து பொத்தானில் உட்காருவார். மற்ற வரிகளை எல்லாம் பழையபடி சேர்த்துவிட்டார். அந்த ஒன்றை மட்டும் சேர்க்கவில்லை. அவரும் ஓய்வு பெற்றுப் போன பிறகு, அதில் கைவைக்க எனக்கும் மனம் வரவில்லை. நல்ல நுரையீரலோடு வந்த பாடகர்கள் எல்லாரும் அதை ஒரே மூச்சில் பாடிவிட்டுப் போனார்கள், வரி மட்டும் நடுவில் முறிந்து வந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு நேற்றுப் போன் எடுத்தேன். மூன்று ஓபராக்களையும் சொன்னேன். வரியைச் சேர்த்துவிடுங்கள் என்றும் சொன்னேன். இப்போது பாடுகிறவருடைய மூச்சுக்குத்தான் அமத்த வேண்டும், சட்டம் அதுதான். அவள் நன்றி சொன்னாள். இந்தப் பருவத்தில் அது வருகிறது, உங்களுக்கு ஒரு டிக்கெட் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் பிள்ளை என்றேன்.